எடுத்த இடத்திலேயே சாம்பலைத் திருப்பி நிரப்பலாமா?

பிப்ரவரி 4 (வந்த கேள்வி)

அனல்மின் நிலையங்களின் சாம்பல் மலைமலையாகக் கிடக்கிறது. நிலக்கரி எடுத்த நிலத்தடிச் சுரங்கங்கள் வெறும் பொந்தாகக் கிடக்கின்றன. எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே வேலையில் தீராதா? நிலக்கரியில் இருந்ததுதானே சாம்பலிலும் இருக்கிறது, புதிதாக என்ன விஷம் வந்துவிடப் போகிறது? எல்லா இடத்திலும் ஏன் இதைச் செய்வதில்லை?

பிப்ரவரி 4, இரவு

விஷம் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிரப்பும் வேலைக்கு வரும் புதியவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

நிலக்கரியில் இருந்ததும் சாம்பலில் இருப்பதும் ஒன்றல்ல. பூமிக்குள் கிடக்கும் நிலக்கரியில் ஆர்சனிக்கும் செலினியமும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது) போன்ற கனிமங்களுக்குள்ளும் கரிமப் பொருளுக்குள்ளும் பூட்டிக் கிடக்கின்றன. உலையில் கரி எரிந்து போய்விடுகிறது, மிச்சம் செறிவாகிறது. 10 சதவீதம் சாம்பல் தரும் நிலக்கரி என்றால், புகையோடு தப்பிக்காத தனிமம் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10 மடங்கு செறிவாகும். செறிவைவிட முக்கியமானது அவை எங்கே போய் உட்காருகின்றன என்பது. உலை வெப்பத்தில் ஆர்சனிக்கும் செலினியமும் ஆவியாகி, புகை குளிரும்போது நுண்ணிய சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. உள்ளே பூட்டிக் கிடந்தது வெளித்தோலுக்கு வந்துவிட்டது, முதலில் தொடும் தண்ணீரோடு கிளம்பத் தயாராக நிற்கிறது.

இன்னொன்று. புகைபோக்கியில் வடிகட்டி நன்றாக வேலை செய்யச் செய்ய, காற்றில் போகாதது எல்லாம் சாம்பலில்தான் வந்து சேரும். காற்றுக்கு நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 30 வருடத்துக்கு முந்தைய சாம்பலின் ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய சாம்பலை நிரப்ப அனுமதி கேட்பது சரியில்லை.

பிப்ரவரி 5

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் "எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடு" என்பது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். 1000 டன் நிலக்கரி எடுத்தால், அடர்த்தியை 1.35 என்று வைத்துக்கொண்டால், உள்ளே விழும் வெற்றிடம் சுமார் 740 கனமீட்டர். 10 சதவீதச் சாம்பல் என்றால் கிடைப்பது 100 டன். அது படிந்து இறுகினால் 90 கனமீட்டர் பக்கம் வரும், அதாவது வெற்றிடத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தியாவில் கிடைப்பது போல 35 சதவீதம் சாம்பல் உள்ள நிலக்கரி என்றாலும் 320 கனமீட்டர்தான், பாதிகூட ஆகாது. சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் சாலை வேலையும் எடுத்துக்கொண்டது போக மீதி இன்னும் குறைவு. அப்புறம், நீள்சுவர் முறையில், அதாவது தூண் விடாமல் நீண்ட பட்டையாக முழுசாக வெட்டிக்கொண்டே முன்னேறிய இடங்களில் கூரை பின்னாலேயே இடிந்து விழுந்திருக்கும், அங்கே போய் நிரப்ப முழு வெற்றிடம் என்று ஒன்று இருக்காது.

ஆக எல்லாச் சுரங்கத்தையும் நிரப்பச் சாம்பல் போதாது. அதனால் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: இருக்கிற சாம்பலை எந்தப் பொந்தில் போட்டால் அது அங்கே ஒரு வேலை செய்யும்? தூணைத் தாங்குவது, காற்றை அடைப்பது, அமில நீரை நிறுத்துவது என்று சொல்லும்படியான வேலை. குவியலைக் கண்ணில் படாமல் ஆக்குவதை நான் வேலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பிப்ரவரி 5, மாலை

தூணைத் தாங்குவது என்று எழுதியதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிரப்பிய சாம்பல் கூரையை நேரடியாக முட்டுக்கொடுத்துத் தாங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவிட்டு, சுற்றிலும் அறை அறையாக வெட்டிவிட்டுப் போன பழைய சுரங்கத்தில் நடப்பது வேறு. தூண்கள் பக்கவாட்டில் செதில் செதிலாக உதிர்ந்து வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே வரும், ஒரு நாள் பாரம் தாங்காமல் நொறுங்கும், மேலே வீடோ ரயில் பாதையோ இருந்தால் நிலம் உள்வாங்கும். சுற்றிலும் நிரப்பினால் அந்த உதிர்வு நின்றுபோகிறது. நாலாபக்கமும் அணைத்து நிற்பதால் தூணின் தாங்கும் திறனும் கூடுகிறது. இதற்குப் பெரிய கான்கிரீட் வலிமை தேவையில்லை, பல இடங்களில் 1 மெகாபாஸ்கல் பக்கத்தில் இருந்தாலே போதும். சாம்பல் இந்த வேலைக்கு உண்மையிலேயே பொருத்தமான பொருள். எனக்குச் சாம்பல் மீது வெறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் தூண் முழு உயரத்துக்கும் அணைப்பு வேண்டும். மேலிருந்து துளை போட்டு உலர் சாம்பலைக் கொட்டினால் துளைக்கு நேர் கீழே ஒரு கூம்பு உருவாகும், அதன் உச்சி கூரையைத் தொட்டவுடன் துளை அடைத்துக்கொள்ளும். மேலே நிற்பவர்களுக்கு "நிரம்பிவிட்டது" என்று தோன்றும். இரண்டு துளைக்கு நடுவே பார்த்தால் பாதிக்குமேல் காலி. துளை வழியாகக் கேமரா இறக்கிப் பார்க்காமல், தண்ணீர் நிறைந்த சுரங்கமாக இருந்தால் ஒலியலையால் அளக்கும் சோனார் இறக்காமல், நிரம்பியது என்று எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

பிப்ரவரி 8

மணலுக்குப் பதில் சாம்பல் என்று ஒருவர் எழுதியிருந்தார். இது எனக்கு நெருக்கமான விஷயம், நீளமாகப் போகும்.

இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் மணல் நிரப்பல் பழைய வழக்கம். அதற்கென்றே 1939-ல் ஒரு சட்டம் வந்தது. மேலே தொட்டியில் மணலையும் தண்ணீரையும் கலந்து குழாயில் விடுவார்கள், அது தன் பாரத்திலேயே கீழே ஓடும். நிரப்ப வேண்டிய அறையின் வாயில் மரமும் மூங்கிலும் சாக்குத்துணியும் வைத்துத் தடுப்பு கட்டியிருக்கும். மணல் உள்ளே நின்றுவிடும், தண்ணீர் சாக்கு வழியாக வடிந்து கால்வாயில் ஓடி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும். மணல் பருமனானது என்பதால்தான் இவ்வளவு எளிமை. நிரப்பிக் கொஞ்ச நேரத்திலேயே மேலே ஏறி நிற்கலாம்.

இப்போது ஆற்று மணல் எடுப்பது ஆற்றுக்கே ஆபத்தாகிவிட்டது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் நிரப்பும் வேலை நடந்தால் நிரப்பும் பொருளில் எடைக்கு எடை குறைந்தது 25 சதவீதம் சாம்பலாக இருக்க வேண்டும், அதுவும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வழிகாட்டுதலில் நடக்க வேண்டும் என்று 2009-ல் விதி வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பறக்கும் சாம்பலின், அதாவது புகையோடு பறந்து வடிகட்டியில் பிடிபடும் சாம்பலின், துகள் பெரும்பாலும் 1 முதல் 100 மைக்ரான் வரைதான். மாவு போல நைசான அதை அதே சாக்குத் தடுப்புக்குப் பின்னால் அதே குழாயில் விட்டால், ஒன்று துணி வழியாகத் தண்ணீரோடு சாம்பலும் வந்துவிடும், இல்லை துணியின் கண் அடைத்துத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நின்றால் தடுப்பின் மேல் விழுவது சாம்பலின் அழுத்தம் மட்டுமல்ல, அந்த உயரத்துக்கு நிற்கும் முழுத் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்துதான்.

அப்படி ஒரு தடுப்பு வயிறு தள்ளி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சுரங்கத்தின் பெயர் வேண்டாம். கால்வாயில் வடியும் நீர் காலையில் சாம்பல் நிறமாக ஓடியது, மதியத்துக்கு மேல் தெளிந்துவிட்டது, அளவும் குறைந்துவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. எங்களோடு இருந்த வயதான மேஸ்திரி ஒருவர் மட்டும் "தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். விட்ட அளவுக்கு வடியவில்லை என்றால் அது உள்ளேதான் இருக்க வேண்டும். குழாயை நிறுத்தச் சொல்லி, ஆட்களை அந்தப் பாதையிலிருந்து வெளியேற்றியபிறகு விளக்கடித்துப் பார்த்தால் மூங்கில் வில்லாக வளைந்திருந்தது. அன்றைக்கு உடையவில்லை. உடைந்திருந்தால் என்ன ஆகும் என்றால், நீர் நிறைந்த நைசான சாம்பல் ஓர் அதிர்வில் கெட்டித்தன்மையை இழந்துவிடும், ஈர மணலைக் காலால் தட்டத் தட்டக் குழைவது போல, அந்த நொடியில் அது திரவம், பாதை முழுக்க ஓடும். கெட்டியாகிவிட்டது என்று நம்பி எதிரில் நிற்பவர் ஓடித் தப்பிக்க நேரம் இருக்காது.

அதனால் நிலத்தடியில் அடிச்சாம்பலுக்குத்தான் என் ஓட்டு. உலையின் அடியில் விழும் அந்தப் பருமனான சாம்பல் கிட்டத்தட்ட மணல் போலவே வடிகிறது. என்ன செய்வது, மொத்தச் சாம்பலில் அது ஐந்தில் ஒரு பங்குதான்.

பிப்ரவரி 9

"சிமென்ட் சேர்த்தால் ஆகாதா?" ஆகும். உலோகச் சுரங்கங்களில் பேஸ்ட் நிரப்பல் என்று செய்வது அதைத்தான், அங்கே சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பறக்கும் சாம்பலைச் சேர்ப்பதும் வழக்கம். கெட்டியான கலவை, வடிய வேண்டிய தண்ணீர் மிகக் குறைவு, தடுப்பின் மேல் பாரமும் சீக்கிரம் குறைந்துவிடும். சுண்ணாம்புச் சத்து அதிகமான சாம்பல் தண்ணீர் பட்டாலே தானாக இறுகும். சுண்ணாம்பு குறைந்த சாம்பலுக்குச் சிமென்டோ சுண்ணாம்போ வெளியிலிருந்து தர வேண்டும். இரண்டையும் "பிளை ஆஷ்" என்று ஒரே பெயரில் லாரியில் அனுப்புகிறார்கள், இறக்கும் இடத்தில் கேட்டால்தான் எது என்று தெரியும். செலவு ஏறும்தான். கொட்டுகிற ஆள் முதலில் வெட்டுவது இந்தச் சிமென்டைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 13

சுரங்கத் தீ பற்றிப் பேச்சு வந்தது நல்லது. சாம்பல் மிகத் தெளிவாக உதவுகிற இடம் இது. போலந்தின் மேல் சிலேசியாவில் நிலக்கரி வெட்டிய பின்பகுதிக்குள், அதாவது கோஃப்புக்குள், சாம்பலும் தண்ணீரும் கலந்த குழம்பைச் செலுத்துவது சாதாரண நடைமுறை. இடிந்த கற்களின் இடுக்குகளை அது அடைத்துவிடுகிறது, காற்று உள்ளே போவதில்லை, மிச்சம் கிடக்கும் நிலக்கரி தானாகச் சூடேறிப் பற்றுவது குறைகிறது.

ஆனால் தீப் பிடிப்பதற்கு முன்னால் அடைப்பது வேறு, பிடித்தபின் துரத்துவது வேறு. பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962-ல் தொடங்கிய நிலத்தடித் தீயை நிறுத்தச் செய்த முயற்சிகளில் துளை போட்டுப் பறக்கும் சாம்பலைச் செலுத்திச் சுவர் எழுப்பியதும் ஒன்று. தீ நிற்கவில்லை. 1983-ல் ஊர் மக்களை இடம் மாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது, நிலத்துக்கு அடியில் இன்னும் எரிகிறது. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிப் பகுதியில் முதல் தீ பதிவானது 1916-ல், அங்கேயும் இன்னும் எரிகிறது.

எரியாத சாம்பல்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உலை சரியாக எரியாத நாட்களில் சாம்பலிலேயே கரி கணிசமாக மிஞ்சும்.

பிப்ரவரி 14

4-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், தனியாகப் படித்தால் சாம்பல் என்றாலே ஆர்சனிக் ஒழுகும் என்று அர்த்தமாகிவிடும்.

கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் பைரைட், காற்று, தண்ணீர் மூன்றும் சேர்ந்து கந்தக அமிலமும் இரும்பும் உண்டாகும். வெளியே வரும் ஓடை துருநிறத்தில் படிந்து கிடக்கும், மீன் இருக்காது. பல சாம்பல்கள் காரத்தன்மை கொண்டவை. உள்ளே போட்டால் அமிலம் அடங்கும், காற்றுப் பாதையும் அடையும். மேரிலாந்தில் ஃபிரேசி என்ற பழைய சுரங்கத்தில் 1996-ல் இதைச் செய்து பார்த்தார்கள். சிமென்ட் இல்லாமல் அனல்மின் நிலையக் கழிவுகளை மட்டுமே வைத்துக் கலவை செய்தார்கள், கலக்கிய தண்ணீரும் அந்தச் சுரங்கத்தின் அமில நீரே. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. இருந்ததை வைத்தே செய்தார்கள், செய்தபிறகு பல வருடம் விடாமல் அளந்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், எல்லாத் தனிமமும் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் அமில நீரில் கரையும், காரம் ஏறினால் படிந்துவிடும். ஆர்சனிக், செலினியம், மாலிப்டினம், குரோமியம் ஆகியவற்றின் சில வடிவங்கள் கார நீரில்தான் நன்றாக ஓடும். போரானுக்கு எதுவும் தடையில்லை, முதலில் வெளியே வருவது பெரும்பாலும் அதுவும் சல்ஃபேட்டும்தான், அதனால் கண்காணிப்புக் கிணற்றில் போரான் ஏறினால் சாம்பல் நீர் வந்துவிட்டது என்று பொருள். அமிலம் அடங்கிவிட்டது என்று பிஎச் எண்ணை (அமிலமா காரமா என்று சொல்லும் எண்) மட்டும் காட்டுபவரிடம் செலினியம் எவ்வளவு என்று கேளுங்கள். காரம் எத்தனை வருடம் தாங்கும் என்றும் கேளுங்கள். பைரைட் தீர்வதற்கு முன் சாம்பலின் காரம் தீர்ந்துவிட்டால் நீர் மறுபடி அமிலமாகும், அப்போது சாம்பலில் இருந்த ஈயமும் நிக்கலும் சேர்ந்து கிளம்பும்.

பிப்ரவரி 20

சில நாள் எழுதவில்லை. நடுவில் யாரோ "குளத்தில் கிடப்பதைவிடப் பூமிக்கடியில் கிடப்பது பத்திரம்" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அனல்மின் நிலையங்கள் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து தேக்கும் குளம் பத்திரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2008 டிசம்பர் 22-ல் டென்னசியின் கிங்ஸ்டனில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து 40 லட்சம் கனமீட்டருக்கும் அதிகமான சாம்பல் சேறு ஆற்றிலும் வீடுகளிலும் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் 2015-ல் சாம்பல் குளங்களுக்கும் நிரப்பிடங்களுக்கும் நாடு முழுவதற்குமான விதி வந்தது, நிலத்தடி நீரை அளந்து வெளியிட வேண்டும் என்றெல்லாம். அந்த விதி நிலக்கரிச் சுரங்கத்தில் போடும் சாம்பலுக்குப் பொருந்தாது. தரைமேல் குளத்தில் கிடந்தால் கிணறு தோண்டி அளக்க வேண்டும், அதே சாம்பல் பழைய சுரங்கத்துக்குள் போனால் அந்த விதி அங்கே கேள்வி கேட்காது. சுரங்கத்துக்கான வேறு விதிகள் இருக்கின்றன என்பார்கள். 2006-லேயே அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் குழு, சுரங்கத்தில் சாம்பல் போடலாம், ஆனால் சாம்பலையும் இடத்தையும் முன்கூட்டியே ஆராய்ந்து, கட்டாயமான தரங்களோடு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தது.

இந்தியாவில் அழுத்தம் வேறு விதம். 2021 டிசம்பர் அறிவிக்கை சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொல்கிறது, பயன்படுத்தாததற்கு டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு. சுரங்கப் பொந்தை நிரப்புவதும் "பயன்பாடு" என்ற கணக்கில் வரும். விதியை நான் குறை சொல்லவில்லை, சாம்பல் குளங்களின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் டன் கணக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர் சுரங்கத்தைப் பார்க்கும் கண்ணே வேறு. தூண் எங்கே மெலிந்திருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை, துளை எங்கே போட்டால் லாரி சீக்கிரம் திரும்பும் என்று பார்ப்பார்.

பூமிக்கடியில் பத்திரம் என்பது தண்ணீர் வரும்வரைதான். ஓடும் சுரங்கத்தில் பம்ப் வேலை செய்கிறது, உள்ளே உலர்ந்து கிடக்கிறது, அந்த நிலையில் எடுக்கும் மாதிரிகள் எல்லாம் நன்றாகத்தான் வரும். சுரங்கத்தை மூடிப் பம்பை நிறுத்தியபிறகு நீர் மட்டம் வருடக்கணக்கில் மெல்ல ஏறும், பழைய பாதைகள் எல்லாம் நிலத்தடி நீரோடைகளாகிவிடும், சாம்பல் முதல்முறையாக முழுசாக நனைவது அப்போதுதான். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களில் சாம்பலும் பிற கழிவுகளும் நிரப்பப்பட்டன, அங்கே கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது, நீர் மட்டத்தை எந்த அளவுக்கு ஏற விடலாம் என்ற விவாதத்தில் அந்தக் கழிவுகளும் வந்து நிற்கின்றன. நிரப்பியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

கோபமாக எழுதுவது போலத் தெரிந்தால் தெரியட்டும். மூடியபிறகு நீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கும், எந்த வாய் வழியாக வெளியே வரும், அந்த வாயில் யார், எத்தனை வருடம், யார் பணத்தில் அளப்பார்கள் என்று எழுத்தில் பதில் இல்லாத திட்டத்துக்கு நான் ஆதரவு தர மாட்டேன், எவ்வளவு நல்ல சாம்பலாக இருந்தாலும்.

பிப்ரவரி 21

உள்ளே வேலை செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க இப்போது பல அனல்மின் நிலையங்களில் அம்மோனியா தெளிக்கிறார்கள், கொஞ்சம் சாம்பலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உலர்ந்து கிடக்கும்போது மணமே தெரியாது. தண்ணீர் சேர்த்துக் கலவையில் காரம் ஏறியதும் வாயுவாகக் கிளம்பும். வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், காற்றோட்டம் குறைந்த அறையில் கண்ணும் தொண்டையும் எரியும். புதிய இடத்துச் சாம்பல் வந்தால் முதலில் ஒரு வாளி கலவையை வெளியே வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் 2

சோதனை அறிக்கையைப் பார்த்து எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீரில் ஊறவைத்தார்கள் என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு சோதனை, நகரக் குப்பைமேட்டில் ஊறும் நீரைப் போல இருக்க அசெட்டிக் அமிலம் சேர்த்து, பொருளை 18 மணி நேரம் சுழற்றி எடுப்பது. சுரங்கத்தில் குப்பைமேட்டு நீர் இல்லை, 18 மணி நேரமும் இல்லை. அந்தச் சுரங்கத்தின் சொந்த நீரிலேயே, மாதக்கணக்கில், நிரப்பப் போகும் அதே கலவையை ஊறவைத்துப் பார்க்க வேண்டும். கலவை இறுகியபிறகு ஒரு தடவை, நொறுக்கி ஒரு தடவை, ஏனென்றால் கூரை இறங்கினால் இறுகியதும் நொறுங்கும். நிரப்புவதற்கு முன்பே கிணறு போட்டு, மழைக்காலம் கோடைக்காலம் இரண்டிலும் நீரை அளந்து வைத்திருக்கவும் வேண்டும். பின்னால் எண் ஏறினால் "இது முன்னாலேயே இருந்தது" என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

மார்ச் 6

நிலக்கரி அல்லாத சுரங்கத்தில் செய்திருக்கிறார்களா என்றால், செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஊருக்கு அடியில் கைவிட்ட உப்புச் சுரங்கங்கள், உப்புநீர் நிறைந்து, உப்புத் தூண்கள் மேலே நகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. 2004-க்கும் 2007-க்கும் இடையில் சுமார் 10 லட்சம் கனமீட்டர் கலவையை உள்ளே செலுத்தினார்கள். பறக்கும் சாம்பல், கொஞ்சம் சிமென்ட், கலக்குவதற்கு உப்புநீர். நல்ல தண்ணீரில் கலந்திருந்தால் தூண்களே கரைந்திருக்கும். கலவை உள்ளே போகப் போக அதே அளவுக்கு உப்புநீர் இடம்பெயரும் என்பதால் அதை வெளியே எடுக்கவும் ஏற்பாடு தேவைப்பட்டது. நீர் நிறைந்த எந்தச் சுரங்கத்துக்கும் இது பொருந்தும், ஒரு கனமீட்டர் உள்ளே போனால் ஒரு கனமீட்டர் எங்கோ வெளியே வந்தே தீரும். கேள்வி கேட்டவர் தன் பகுதித் திட்ட அறிக்கையை வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேரும் என்று எழுதியிருக்கும் பக்கத்தை எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.